டிக்கின்னு சொல்லி முழிச்ச அனுபவம் இருக்கா?

இங்கிலாந்து வந்த புதுசு, கூட வேலை பாக்குற ஒருத்தர் ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டுப் போக வந்தார், நான் பொட்டிய தூக்கிட்டு "டிக்கில வச்சிரட்டுமா"ன்னு இங்கிலீஷ்ல கேட்டேன் பாருங்க, மனுஷன் அப்படியே நின்னுட்டார். அங்க அதுக்குப் பேரு பூட் (boot) ஆம். அப்புறம் அவரே சிரிச்சுட்டு, எங்க தாத்தா காலத்து வார்த்தைய நீ எங்கேருந்துப்பா புடிச்சேன்னு கேட்டார். 1920, 30கள்ல வந்த, ரெண்டு பேர் உக்கார்ற கார்ல பின்னாடி மூடியத் திறந்தா ஒரு சீட் வரும், அதான் டிக்கி, கூரை கிடையாது, மழை வந்தா உக்காந்தவன் பாடு திண்டாட்டம். அதுக்கும் முன்னாடி குதிரை வண்டில வேலைக்காரங்க உக்கார்ற பின் சீட்டும் டிக்கிதான். சீட்டு போயிருச்சு, பேரு மட்டும் நம்மூர்ல ஸ்கூட்டி வரைக்கும் வந்துருச்சு!

—

ஐயோ என் கதைய கேளுங்க. லண்டன்ல நர்ஸா இருக்கேன், வார்டுல எண்பது வயசு தாத்தா ஒருத்தர், "எனக்கு டிக்கி சரியில்லம்மா"ங்கற மாதிரி காதுல விழுந்துச்சு, நமக்கு டிக்கின்னா எந்த இடம்னு தெரியும்ல, படுத்தே கிடந்து பின்னாடி புண்ணு வந்துருச்சு போலன்னு திரும்பிப் படுங்கன்னுட்டேன். அவர் சொன்னது டிக்கி டிக்கர். டிக்கர்னா இதயம், டிக்கின்னா நம்பி இருக்க முடியாத, லொடலொட கேஸ். மறுநாள் "டாக்டர் ஒரு டிக்கி பேர்ட் கூட சொல்லல"ன்னார், நான் ஜன்னல்ல குருவி இருக்கான்னு பாத்தேன். வேர்டுக்கு எதுகையா பேர்ட், கிழக்கு லண்டன் பக்கத்து காக்னி ஆளுங்க பேச்சாம். ஒரு வார்த்தை கூட சொல்லலன்னு நேரா சொன்னா என்னவாம்.

—

அக்கா செம 😂 நான் தையல் படிக்கிறேன், எங்க கிளாஸ்ல டிக்கின்னா சட்டையோட முன்பக்கம் மட்டும். கழுத்து இருக்கும் பட்டன் இருக்கும், கையும் கிடையாது முதுகும் கிடையாது, மேல கோட்டு போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது. 19ஆம் நூற்றாண்டு கடைசில செல்லுலாய்ட்லயே, அதான் அந்தக் காலத்து பிளாஸ்டிக்ல, வந்துச்சு, துவைக்க வேணாம், கஞ்சி போட வேணாம், ஈரத்துணில துடைச்சா முடிஞ்சுது. ஜூம் மீட்டிங்குக்கு மேல சட்டை கீழ லுங்கி கட்டுற நாம இதுல அவங்களுக்கு வாரிசு. கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி கட்டுற போ டை (bow tie) இருக்குல்ல, அதையும் அங்க டிக்கி போன்னு சொல்றாங்க.

—

அதெல்லாம் இருக்கட்டும்க்கா, அந்தத் தாத்தா என்ன ஆனார்?

—

நல்லாயிட்டார் தம்பி, வீட்டுக்குப் போயிட்டார். கார் வரைக்கும் நான்தான் வீல்சேர்ல தள்ளிட்டுப் போனேன். மகன் பொட்டிய பின்னாடி வச்சப்ப, டிக்கிய நல்லா மூடுங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.