மதர்போர்டு மாற்றிய பிறகு விண்டோஸ் 11 ஆக்டிவேட் ஆகவில்லை, உதவுங்கள்

எழுத்தாணி:
வணக்கம். நான்கு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். லேப்டாப்பின் மதர்போர்டு பழுதாகி, சர்வீஸில் கொடுத்து மாற்றினேன். எஸ்எஸ்டியைத் துடைத்து விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். வாங்கும்போதே விண்டோஸோடு வந்த மெஷின் இது. மூன்று வருஷமாக ஆக்டிவேஷன் என்ற பேச்சே எழவில்லை. இப்போது வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிற எழுத்து. ஆன்லைனில் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். திரையைப் பகிர்ந்தால் விடை எழுதும் கடைசி வரியின் மேலேயே அது உட்கார்ந்துகொள்கிறது. வால்பேப்பரைக்கூட மாற்ற விடவில்லை.

பிழை எண் 0எக்ஸ்சி004எஃப்213. அடிப்பக்க ஸ்டிக்கரில் இருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்துப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. புதிதாகக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

மின்னல்கொடி:
சகோ, இதற்கு ஏன் நான்கு நாள்? லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்துவிடும் ஆக்டிவேட்டர் நிரல் ஒன்று இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. ஆன்டிவைரஸை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

பழையபோர்டு:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் நிரலுக்கு நிர்வாகி உரிமையையும் கொடுப்பது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதுதான். மாணவர்களின் விவரங்கள் இருக்கும் மெஷின் வேறு. அந்த வகை நிரல்களில் பல, நிறுவனங்கள் தங்கள் கணினிகளைச் சொந்த சர்வர் மூலம் ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் முறையைப் போலியாக நடத்துகின்றன. அந்த முறையில் ஆக்டிவேஷன் 180 நாளுக்குத்தான், அதற்குள் புதுப்பித்தாக வேண்டும். அதற்காகவே அந்த நிரல் உள்ளே நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எழுத்தாணி அவர்களே, உங்களிடம் லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று வாங்க அவசரப்பட வேண்டாம்.

ஸ்டிக்கரில் நீங்கள் பார்த்தது சீரியல் எண்ணாக இருக்கும். ப்ராடக்ட் கீ, அதாவது விண்டோஸ் லைசென்ஸுக்கான குறியீடு, என்றால் ஐந்தைந்தாக 25 எழுத்து இருக்கும், அதில் 0, 1, 5 மூன்றும் வரவே வராது. விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அந்தக் கீ மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது அதைத் தானே படித்து, எந்தப் பதிப்பு என்றும் தானே முடிவு செய்துகொள்ளும். அதனால்தான் இத்தனை நாள் உங்களுக்குத் தொல்லையில்லை. போர்டு போனதோடு கீயும் போய்விட்டது. இந்த மெஷினில் கீ எதுவும் காணோம் என்பதைத்தான் அந்தப் பிழை எண் சொல்கிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். முன்பு விண்டோஸின் எந்தப் பதிப்பு இருந்தது, ஹோமா, ப்ரோவா? பழைய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் நுழைந்திருந்தீர்களா? மூன்றாவது, கீபோர்டில் விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஒட்டினாற்போல் டிஎல்ஐ என்று அடியுங்கள். சில வினாடி கழித்து ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் என்ன இருக்கிறது?

எழுத்தாணி:
அதே கணக்குத்தான், இப்போதும் அதிலேயே இருக்கிறேன். பெட்டியில் 'ப்ரொஃபஷனல்', 'ரீட்டெய்ல்' என்று இருக்கிறது. கீயின் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி. முன்பு ஹோம்தான் என்று நினைக்கிறேன்.

பழையபோர்டு:
பிடி கிடைத்துவிட்டது. 3வி66டி என்று முடிவது ப்ரோ, அதாவது ப்ரொஃபஷனல், பதிப்பை நிறுவ மட்டும் உதவும் பொதுக் கீ, எத்தனை முறை முயன்றாலும் அது ஆக்டிவேட் ஆகாது. புதுப் போர்டில் கீ இல்லாததால் இன்ஸ்டாலர் பதிப்புகளின் பட்டியலைக் காட்டியிருக்கும். போட்டவர் ப்ரோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஹோம் லைசென்ஸால் ப்ரோ ஆக்டிவேட் ஆகாது. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்கக் குறுக்குவழியும் இல்லை, மறுபடி இன்ஸ்டால் செய்துதான் ஆக வேண்டும். ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பியிலிருந்து போடும்போது கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் ஹோம். அதே கணக்கில் நுழையுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் ட்ரபிள்ஷூட் அழுத்தினால், அண்மையில் ஹார்டுவேரை மாற்றினேன் என்று ஒரு வரி வரும். அதற்குள் உங்கள் பழைய கணினியின் பெயர் தெரியும்.

பயோஸ் (மதர்போர்டின் அடிப்படை நிரல்) கடிகாரத்தையும் பாருங்கள். போர்டு மாற்றினால் தேதி தவறியிருக்க வாய்ப்புண்டு, தேதி தவறினால் சர்வரோடு பேச்சே நடக்காது.

எழுத்தாணி:
நேற்று முழுக்க இதிலேயே போனது. தேதி சரிதான். ஹோம் போட்டேன். பட்டியலில் பழைய பெயர் வந்ததும் அப்படி ஒரு சந்தோஷம், ஆனால் தேர்ந்தெடுத்தால் ஆக்டிவேட் செய்ய முடியவில்லை என்கிறது. உண்மையைச் சொன்னால் அழுகையே வந்துவிட்டது.

ஈரோட்டம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஹோம் என்றால் வெறும் ஹோமா, 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்பதா? இரண்டும் தனித்தனிப் பதிப்பு. லேப்டாப்களில் இரண்டாவதுதான் அடிக்கடி வரும். பில்லைப் பாருங்கள், 'எஸ்எல்' என்று சுருக்கிப் போட்டிருப்பார்கள்.

பழையபோர்டு:
ஈரோட்டம் சொல்வது முற்றிலும் சரி. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், ஒரு நாளை வீணாக்கிவிட்டேன், மன்னியுங்கள். பட்டியலில் ஹோமுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். அதிலும் நடக்காவிட்டால் போர்டு மாற்றிய ரசீதோடு லேப்டாப் தயாரிப்பாளரின் சர்வீஸிடம் கேளுங்கள். புதுப் போர்டில் கீயைப் பதிந்து தர அவர்களால் முடியும். பழுதான போர்டுக்கு அவர்களே மாற்றுப் போர்டு போட்டால் புது லைசென்ஸ் தேவையில்லை. மலிவு விலைக் கீ பக்கம் மட்டும் போகாதீர்கள். அவற்றில் பல நிறுவனங்களிலிருந்து கசிந்தவை, பின்னால் முடக்கப்பட்டுவிடும்.

எழுத்தாணி:
பில் கிடைத்தது. 'டபிள்யூ11 ஹோம் எஸ்எல்' என்றே இருக்கிறது! மூன்றாம் முறையாகப் போட்டேன். பட்டியலில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கணினி. ஒன்று, என் தம்பி தன் பழைய மெஷினில் என் கணக்கில் நுழைந்ததால் வந்தது. பெயரை நிதானமாகப் படித்து என்னுடையதை எடுத்து, 'இப்போது பயன்படுத்தும் கணினி இதுவே' என்ற கட்டத்தில் டிக் செய்து அழுத்தினேன். உங்கள் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸில் ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று வந்தது. மூலையில் எழுத்து இல்லை. பழையபோர்டு ஐயா, ஈரோட்டம், இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாலை வகுப்புக்கு இந்த மெஷினிலேயே உட்காரப் போகிறேன்.

ஈரோட்டம்:
ரொம்ப மகிழ்ச்சி. நேரம் கிடைக்கும்போது அந்தப் பில்லை ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், மை மங்கிவிடும்.