உறக்கத்திலிருந்து எழுந்தால் வைஃபை அட்டை காணவில்லை

முகில்:
லினக்ஸ் மடிக்கணினியை மூடி வைத்துத் திறந்தால் வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது. எங்கே தேடினாலும் ‘பவர் சேவ் (மின்சேமிப்பு) வசதியை அணையுங்கள்’ என்கிறார்கள். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்து அணைத்தேன். பிங் நேரம் (பொட்டலம் போய்த் திரும்பும் நேரம்) சீரானதே தவிர, சிக்கல் அப்படியே இருக்கிறது. அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கழற்றி ஏற்றினாலும் பயனில்லை.

பழையகெர்னல்:
எதைக் கேட்டாலும் அதே கஷாயத்தைத்தான் ஊற்றுகிறார்கள்! நீங்கள் அணைத்தது ரேடியோவின் குட்டித் தூக்கத்தை. அணுகல் புள்ளி (வைஃபை தரும் பெட்டி) வழக்கமாக 102.4 மில்லிவினாடிக்கு ஒரு பீக்கன், அதாவது அறிவிப்புச் சைகை, அனுப்பும். இடைவெளியில் அட்டை கண்ணயரும், அதற்கு வரும் பொட்டலங்களை அணுகல் புள்ளி பிடித்து வைத்திருக்கும். பிங் தள்ளாடியது அதனால்தான். அதில் ஃபர்ம்வேருக்கு (அட்டைக்குள் ஓடும் மென்பொருளுக்கு) ஒன்றும் ஆகாது.

கணினியே உறங்குவது வேறு கதை. அட்டை டி3கோல்ட் நிலைக்குப் போனால் மின்சாரமே நின்றுவிடும். இத்தகைய அட்டைகள் பெரும்பாலும் ஃபர்ம்வேரைத் தம்மிடம் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. டிரைவர்தான் வட்டிலிருந்து எடுத்து அட்டையின் நினைவகத்தில் ஏற்றுகிறது. மின்சாரம் போனால் அதுவும் அழிந்துவிடும், எழுந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் வட்டு தயாராக இல்லாமல் போகலாம் என்பதால் லினக்ஸின் மையமான கெர்னல், கணினி உறங்கும் முன்பே கோப்பை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ஃபர்ம்வேர் தொகுப்பை மறுபடி நிறுவிப் பொழுதைப் போக்காதீர்கள். கோப்பு இல்லையென்றால் கணினி தொடங்கும்போதே வைஃபை வந்திராது.

எழுந்தவுடன் கெர்னல் பதிவைப் பாருங்கள். அட்டையின் பதிவேடுகளை (அதன் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டர்களை) படித்தால் என்ன மதிப்பு வருகிறது?

முகில்:
வரிசையாக எட்டு ‘எஃப்’. எல்லா வரியிலும் அதேதான்.

பழையகெர்னல்:
அப்படியானால் அட்டை பஸ்ஸில் (அதைக் கணினியோடு இணைக்கும் பாதையில்) பதிலே சொல்லவில்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில் டிரைவர் யாரிடம் ஃபர்ம்வேரைக் கொடுக்கும்? சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த அட்டைக்குரிய ‘ரிமூவ்’ கோப்பில் 1 எழுதுங்கள். பிறகு பிசிஐ பஸ்ஸின் ‘ரீஸ்கேன்’ கோப்பிலும் 1.

நள்ளிரவுநிரலர்:
அதற்கும் மசியாவிட்டால் மறுதொடக்கம் போதாது, முழுவதும் அணைத்துவிட்டு இயக்குங்கள். மறுதொடக்கத்தில் அட்டைக்கு மின்சாரம் நிற்காமலே போகலாம்.

முகில்:
ரீஸ்கேன் செய்ததும் பதிவில் ஃபர்ம்வேர் ஏறிய வரி வந்தது, வைஃபையும் வந்துவிட்டது! ஒவ்வொரு முறையும் கையால்தான் செய்ய வேண்டுமா?

பழையகெர்னல்:
வேண்டாம். ‘மெம் ஸ்லீப்’ கோப்பில் அடைப்புக்குள் இருப்பது எஸ்2ஐடிலா (இலேசான உறக்கம்), டீப்பா (ஆழ்ந்த உறக்கம்) என்று பாருங்கள். எஸ்2ஐடில் என்றால் அட்டையின் ‘டி3கோல்ட் அலவுட்’ கோப்பில் 0 எழுதிச் சோதியுங்கள். உறக்கத்தில் மின்கலம் சற்றுக் கூடுதலாகக் கரையலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். டீப் என்றால் மின்சாரத்தை நிறுத்துவது தாய்ப்பலகை. அங்கே இந்த 0 செல்லாது. உறங்கும்போதும் எழும்போதும் தானே ஓடும் சிஸ்டம்டி உறக்க நிரல் ஒன்றை எழுதி, உறங்கும் முன் டிரைவரைக் கழற்றி அட்டையை ரிமூவ் செய்துவிடுங்கள், எழுந்தபின் ரீஸ்கேன்.

முகில்:
எஸ்2ஐடில்தான். 0 எழுதினேன், மூடித் திறந்தால் இணைப்பு உடனே வருகிறது.

பழையகெர்னல்:
நல்லது. யுடெவ் (சாதனங்களுக்கான அமைப்புகளைத் தானே இடும் மென்பொருள்) விதியாகவும் எழுதி வையுங்கள். இல்லையேல் அடுத்த மறுதொடக்கத்தில் அந்த 0 மறைந்துவிடும்.