திருநீற்றுப் புதனன்று சாம்பலும் பூசிக்கொண்டு, முகம் கழுவச் சொல்லும் நற்செய்தியையும் கேட்பது முரண் இல்லையா?

கேள்வி:

இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. நோன்பு இருக்கும்போது முகவாட்டம் காட்டாமல், தலையில் எண்ணெய் தேய்த்து, முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று இயேசு அதில் கூறுகிறார். அதைக் கேட்ட சில நிமிடங்களிலேயே நாம் வரிசையில் சென்று, எல்லாரும் பார்க்கும்படி நெற்றியில் சாம்பலைப் பெற்றுக்கொள்கிறோம். இது பல ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது. மேலும், ஒவ்வோர் ஆண்டும் எதையாவது விட்டுவிடுவதாக உறுதி எடுத்து, முதல் ஞாயிறு வருவதற்குள் தவறியும் விடுகிறேன். அப்படியானால் தவக்காலத்தைத் தொடங்குவது என்பதற்கு ஆன்மிகப் பொருள்தான் என்ன?

பதில் 1:

இயேசு கண்டிப்பது, நற்செயல்களைப் பிறர் பாராட்டுக்காகச் செய்வதை. சாம்பலோ எந்த நற்செயலுக்கும் அடையாளம் அன்று. இறைவாக்கினர் யோனாவின் எச்சரிப்பைக் கேட்ட நினிவே அரசன் அரியணையை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தது தன் பக்தியைக் காட்டுவதற்காக அல்ல; தன் தவற்றை ஒப்புக்கொள்வதற்காக. பழைய திருச்சபையில் பெரும் பாவங்களுக்காக வெளிப்படையாகத் தவம் செய்தவர்களோடு தொடர்புடையதாயிருந்த இந்த அடையாளத்தை, குருக்கள், பொதுநிலையினர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் ஏற்க வேண்டும் என்று 1091இல் இத்தாலியின் பெனவெந்தோவில் கூடிய திருச்சபைச் சங்கம் வலியுறுத்தியது. நல்லவர்களும் பாவிகளின் வரிசையில் வந்து நின்றார்கள் என்பதே அதன் பொருள்.

அந்தச் சாம்பல் எதிலிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று 'ஓசன்னா' என்று ஆர்ப்பரித்து நாம் கையில் ஏந்திய அதே ஓலைகளை எரித்துத்தான் அதைச் செய்கிறார்கள். நீங்கள் காப்பாற்ற முடியாமற்போன உறுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. 'நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்ற சொற்களோடு அதைப் பெறுகிறவர், தான் தோற்றவர் என்பதை மறைக்காமல்தான் தொடங்குகிறார்.

பதில் 2:

நான் சீர்திருத்த மரபைச் சேர்ந்தவன். எங்கள் சபையில் சாம்பல் பூசுவதில்லை. ஆனாலும் லெந்து நாட்களை, அதாவது தவக்காலத்தை, ஜெபத்தோடு அனுசரிக்கிறோம். 1522இல் சூரிக் நகரில் இந்த நாட்களில் சிலர் இறைச்சி உண்டது பெரும் சர்ச்சையானபோது, உணவு விலக்கைத் தேவன் கட்டளையிடவில்லை என்று அந்நகரின் சீர்திருத்தப் போதகர் சுவிங்லி பிரசங்கித்தார். அந்த எச்சரிப்பு இன்றும் தேவை என்றே நினைக்கிறேன். உடைகளையல்ல, உள்ளத்தைக் கிழித்துக்கொண்டு திரும்புங்கள் என்று யோவேல் தீர்க்கதரிசி சொன்ன பிறகு, நெற்றியில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்தான். கிழக்கத்திய பைசாந்திய மரபுத் திருச்சபைகளும் சாம்பல் இன்றியே தொடங்குகின்றன. நோன்பு திங்கட்கிழமை ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய ஞாயிறு மாலை விசுவாசிகள் ஒருவர் முன் ஒருவர் பணிந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். உணவை விடுவதற்கு முன்பு பகையை விட்டுவிடுவது என் மனதிற்கு அதிகம் பிடித்திருக்கிறது.

பதில் 3:

இருவரும் பாவத்திலிருந்து தொடங்குகிறீர்கள். நான் திருமுழுக்கிலிருந்து (ஞானஸ்நானத்திலிருந்து) தொடங்க விரும்புகிறேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவான பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறவிருந்தோரை ஆயத்தப்படுத்துவது தொடக்கம் முதலே இக்காலத்தின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. இன்றும் அந்த இரவில் நாம் அனைவரும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம்.

முதல் ஞாயிறன்று இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததை வாசிக்கிறோம். அதற்குச் சற்று முன்பு, யோர்தான் ஆற்றில் அவர் திருமுழுக்குப் பெற்றபோது, 'என் அன்பார்ந்த மகன்' என்ற குரல் ஒலித்துவிட்டது. அவர் நோன்பிருந்து மகன் ஆகவில்லை. மகன் என்று அறிவிக்கப்பட்ட பின்னரே பாலைநிலத்திற்குச் சென்றார். தந்தையின் அன்பைச் சம்பாதிப்பதற்காக நோன்பைத் தொடங்குகிறவருக்கு ஒரு நாள் தவறினாலும் எல்லாம் போயிற்று. ஏற்கெனவே அன்பு செய்யப்பட்டவராகத் தொடங்குகிறவர் மறுநாள் காலையில் மீண்டும் தொடரலாம். ஆகவே முதல் ஞாயிறுக்குள் தவறிவிட்டதால் மிச்ச நாட்களைக் கைவிட்டுவிடாதீர்கள். புதன் முதல் புனித சனி வரை 46 நாட்கள். ஞாயிறுகள் ஆறையும் கழித்தால்தான் 40 வரும். உயிர்ப்பின் நாளான ஞாயிறு, தவக்காலத்திலும் நோன்பு நாள் அன்று.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நான் இதுவரை எதை விடுவது என்றே யோசித்திருக்கிறேன். யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று யோசித்ததில்லை. ஒருவர் உடனே நினைவுக்கு வருகிறார். அவரிடம் புதன்கிழமைக்கு முன்பே பேசிவிட வேண்டும். ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை: சாம்பலோடு வேலைக்குப் போவதா, துடைத்துவிட்டுப் போவதா?

பதில் 1:

இரண்டில் எதை வேண்டுமானாலும் செய்யலாம், அதற்குத் திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. நான் வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் துடைத்துவிடுவேன். என் மனைவி துடைக்கமாட்டார்.