ஸ்டுடியோ ஃபர்னிச்சர் மேக்கருக்குத் தமிழில் ‘புனைதச்சர்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

மரச்சாமானின் வடிவத்தைத் தானே யோசித்து, தன் பட்டறையிலேயே செய்து முடிப்பவரை ஆங்கிலத்தில் ஸ்டுடியோ ஃபர்னிச்சர் மேக்கர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேர உட்கார்ந்து வாசித்தேன். கலைக்கூட அறைகலன், கலைத்தச்சு, பட்டறைத் தச்சு, தனியாள் அறைகலன், கைவினை மரச்சாமான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த வேலையைச் செய்கிற ஆள் காலையில் பட்டறைக்குள் போய் என்ன செய்கிறார் என்பதை இவற்றில் எதுவும் சொல்லவில்லை என்பது என் எண்ணம். அதைப் பேசிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன். மடல் கொஞ்சம் நீளம். முதலில், ஒரு நண்பர் இழையில் எழுதியது:

> ஸ்டுடியோ = கலைக்கூடம், ஃபர்னிச்சர் = அறைகலன். இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. கலைக்கூட அறைகலன் என்று எழுதினால் ஓவியக் கல்லூரியில் போட்டிருக்கும் ஸ்டூலும் பலகையும்தான் வாசிப்பவர் நினைவுக்கு வரும். இதில் ஸ்டுடியோ என்பது அந்தச் சாமான் போய்ச் சேரும் இடம் இல்லை, அது பிறக்கும் இடம். வார்டன் எஷெரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர், ஓவியம் படித்தவர். தன் ஓவியங்களுக்குச் சட்டம் செதுக்கத் தொடங்கி, மரச்செதுக்கு அச்சுக்குப் போய், அங்கிருந்து மேசைக்கும் நாற்காலிக்கும் வந்து சேர்ந்தார். பென்சில்வேனியாவில் பயோலி அருகே 1926-இல் தனக்கென ஒரு ஸ்டுடியோ கட்டத் தொடங்கி, 1930-இல் அதற்குள் முறுக்கிய உடம்பு மாதிரி ஏறும் ஓக் மரப் படிக்கட்டு ஒன்றைச் செய்தார். அமெரிக்காவில் இந்தப் போக்கை அவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வரைந்த கையே செய்தும் முடித்தது என்பதுதான் அங்கே விஷயம், கட்டடத்தின் பெயர் இல்லை.

கலைத்தச்சு காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஏற்றால் மற்ற ஆசாரிகள் செய்வது கலை இல்லை என்று ஆகிவிடும், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேருக்கும் கதவு நிலைக்கும் சிற்பம் செதுக்குகிறவர்தான் நம் ஊரில் கலைத்தச்சர் என்ற சொல்லுக்கு முதலில் வந்து நிற்பார். ஸ்டுடியோ தச்சர்கள் பலரிடம் செதுக்கு வேலையே கிடையாது. ஜேம்ஸ் கிரெனாவ் செய்த அலமாரிகளைப் படத்தில் பாருங்கள், பூவும் இல்லை கொடியும் இல்லை, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் வளைந்து ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி கதவுப் பலகையை அறுத்து வைத்திருப்பார், அழகு முழுக்க அதில்தான். இழைப்புளியைக்கூட மரத்தில் தானே செய்துகொண்டவர், 1981-இல் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் பள்ளி தொடங்கி மாணவர்களையும் அப்படியே பழக்கினார்.

பட்டறைத் தச்சு நேர்மையான சொல். குறை என்னவென்றால், பட்டறை இல்லாத ஆசாரி யார்? தனியாள் என்பது பொருந்தவே பொருந்தாது, இந்த வகைத் தச்சில் பேர்பெற்ற அமெரிக்கர்களான ஜார்ஜ் நகாஷிமாவின் பட்டறையில் ஆட்கள் வேலை செய்தார்கள், சாம் மலூஃப்புக்கும் உதவியாளர்கள் இருந்தார்கள். கைவினை மரச்சாமான் என்றால் கண்காட்சிக் கடையில் அடுக்கி விற்கிற எல்லாமே அதற்குள் வந்துவிடும். ஒரே மாதிரி நூறு செய்தாலும் அது கைவினைதான்.

அப்படியானால் எதுதான் அடையாளம்? வடிவத்தை முடிவுசெய்கிறவர் மரத்தை விட்டு நகராமல் இருப்பது. தொழிற்சாலையில் வடிவமைப்பாளர் தாளில் வரைந்து அனுப்புவார், மரம் அதற்குப் பணிய வேண்டும், பணியாத பலகை கழிவுக்குப் போகும். நம் ஊரில் ஆசாரியிடம் கட்டில் சொன்னால் பெரும்பாலும் வடிவத்தை நாம் சொல்வோம், அல்லது வழக்கமான ஒன்று ஏற்கெனவே இருக்கும். இவர்கள் விஷயத்தில் மரமும் பேச்சுவார்த்தையில் உட்காரும். ஜார்ஜ் நகாஷிமா அகலமான வால்நட் பலகையை எடுத்து, அதன் பட்டை ஓரத்தைச் சீவி நேராக்காமல் வளைந்தபடியே விடுவார். பலகையில் வெடிப்பு இருந்தால் அதை வெட்டி எறிய மாட்டார், மேலும் பிளந்துவிடாமல் இருக்க வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பை இறுக்கிப் பதிப்பார், அதை மறைக்கவும் மாட்டார். எத்தனை ஆப்பு, எந்த இடத்தில், எந்த அளவில் என்பது பலகையைப் பார்த்த பிறகுதான் தெரியும். தாளில் அதை முன்கூட்டி வரைய வழியில்லை. மேசையின் அடிப்பக்கத்தில் வாங்குகிறவரின் பெயரை எழுதிவைக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. இந்தப் பலகை இவருக்கு என்று ஆகிவிடுகிறது.

மரம் ஓய்ந்து கிடக்கிற பொருளும் இல்லை. ஈரக்காற்றில் பலகை அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலமான மேசைப் பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு திருகாணி போட்டு அசையாமல் முடுக்கிவிட்டால் ஒரு கோடை தாண்டும்போது நடுவில் வெடித்து நிற்கும். அதனால்தான் திருகாணித் துளையை நீள்வட்டமாகக் குடைந்து பலகைக்கு நகர இடம் விடுகிறார்கள். இப்படிப்பட்ட முடிவெல்லாம் வடிவத்தோடு சேர்ந்தது, பிறகு ஒட்டவைக்கிற வேலை இல்லை.

மலூஃப் செய்த ஆடுநாற்காலியிலும் இதைப் பார்க்கலாம். இருக்கைப் பலகையில் பள்ளம் எடுத்துக் காலைப் பொருத்திவிட்டு, இணைப்பைச் சுற்றி அரத்தால் ராவிக்கொண்டே போவார். கடைசியில் விரலால் தடவினால் கால் எங்கே முடிகிறது, இருக்கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கண்ணுக்கு மட்டும் அந்த இணைப்புக் கோடு பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் அசாத்தியத் திறமையாளர்களுக்குத் தரப்படும் மெக்ஆர்தர் நல்கையை 1985-இல் பெற்றவர், கைவினைஞர்களில் அதைப் பெற்ற முதல் ஆள். அப்பேர்ப்பட்டவர் தன்னை மரவேலைக்காரர் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார். ஆகவே நம் சொல்லிலும் தச்சு இருந்தே ஆக வேண்டும். வடிவமைப்பாளர், கலைஞர் என்று மட்டும் வைத்துத் தச்சைக் கழற்றிவிட்டால் அவர்களே ஏற்க மாட்டார்கள்.

இனி என் பரிந்துரை: புனைதச்சு, புனைதச்சர்.

புனைதல் என்பதில் மனத்தில் வடிவம் கொள்வதும் உண்டு, கையால் ஆக்குவதும் உண்டு. கவிதையும் புனைகிறோம், மாலையும் புனைகிறோம். வரைவதும் செய்வதும் ஒரே ஆளிடம் இருப்பதைச் சொல்ல இதைவிடக் கச்சிதமான வினை எனக்குத் தட்டுப்படவில்லை. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, புனைகதை மாதிரி. யாரும் ‘புனைத்தச்சு’ என்று எழுதிவிட வேண்டாம்.

புனை என்றால் பொய் என்று தோன்றாதா என ஒரு தோழி தனிமடலில் கேட்டிருந்தார். புனைபெயர், புனைந்துரை இவற்றால் வரும் ஐயம், நியாயமானதுதான். ஆனால் பக்கத்தில் தச்சு வந்து நின்றதும் அந்தப் பொருள் விலகிவிடுகிறது. மரத்தை இழைத்து நிறுத்திய நாற்காலியைப் பொய் என்று யார் நினைப்பார்கள்?

இன்னொரு வசதியும் இருக்கிறது. அறைகலனா, மரச்சாமானா, தளபாடமா என்ற பழைய வழக்குக்குள் நாம் போக வேண்டியதில்லை. இலங்கை நண்பர்கள் புனைதச்சுத் தளபாடம் என்று எழுதட்டும், இங்கே புனைதச்சு அறைகலன் என்று எழுதுவோம், முன்பாதி இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

வெளியிலிருந்து வந்த கருத்துக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்றும் ஒரு மடல் வந்தது. சொல் வெளியிலிருந்து வந்தது, உண்மை. கருத்து நமக்குப் பழையது. புறநானூறு 87-இல் ஔவையார் அதியமானைச் சொல்லும்போது, நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் எடுத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்கிறார். எட்டுத் தேருக்கும் அந்த ஒரு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்குத்தான் நாம் இப்போது பெயர் தேடுகிறோம். நகாஷிமாவுக்கும் நம் பக்கத்தோடு தொடர்பு உண்டு. கட்டடக்கலைஞர் ஆன்டனின் ரேமண்டின் அலுவலகம் சார்பாக 1937-இல் புதுச்சேரி வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி கட்டும் வேலையை அங்கேயே தங்கிப் பார்த்தவர் அவர். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரும் சூட்டினார். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது ஐடஹோவின் மினிடோகா முகாமில் இருந்தார், அங்கே ஜப்பானிய மரபில் பழகிய மூத்த தச்சர் ஒருவரிடம் தொழில் நுணுக்கம் கற்றார், வெளியே வந்து பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். புதுச்சேரியில் இருப்பவர்கள் அனுமதி கிடைத்தால் கோல்கொண்டாவின் தேக்குக் கதவுகளை அருகில் போய்ப் பாருங்கள், இந்த விவாதத்துக்கே அது உதவும்.

சரி, அகராதிப் பதிவுக்கு என் வரைவு இது:

*புனைதச்சு (பெயர்ச்சொல்): மரச்சாமானின் வடிவத்தைத் தீர்மானிப்பவரே மரத்தைத் தேர்ந்து, தன் சிறு பட்டறையில் தானோ தன் நேர்ப்பார்வையிலோ செய்து முடிக்கும் தச்சுமுறை. புனைதச்சர்: அவ்வாறு செய்பவர்.*

‘நேர்ப்பார்வையிலோ’ என்ற சொல் தேவையா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அதை எடுத்தால் நகாஷிமாவே வெளியே போய்விடுவார், வைத்தால் பெரிய தொழிற்சாலை முதலாளியும் உள்ளே நுழையப் பார்ப்பார். குழுவில் தச்சுத் தொழிலில் இருப்பவர்கள், அல்லது வீட்டில் ஆசாரிமார் இருப்பவர்கள், முக்கியமாக இந்த இடத்தைப் பற்றி எழுதுங்கள். புனைதச்சர் என்று அவர்களிடம் சொன்னால் என்ன புரிகிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்.