டீசல் எஸ்யூவிக்கு பேடில் ஷிஃப்டர் தேவையா?

கொங்குக்காரன்:
டீசல் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை விஷயமாக அடிக்கடி வால்பாறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றுகிற பேடில் ஷிஃப்டர் உள்ள வண்டியாக வேண்டும் என்று ஷோரூமில் கேட்டால், "அதெல்லாம் பெட்ரோல் டர்போவுக்குத்தான் சார், டீசலுக்கு வராது, வந்தாலும் பிரயோஜனம் இல்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் விற்பனையாளர். நிஜமாகவே கிடைக்காதா?

டர்போ மச்சான்:
வராது என்று சொன்னவர் தன் கையிலிருந்த பிரோஷரையே புரட்டவில்லை போலிருக்கிறது. ஃபார்ச்சூனர் டீசல் ஆட்டோமேட்டிக்கில் 2016 மாடலிலிருந்தே இருக்கிறது. ஹாரியரும் சஃபாரியும் 2023 அக்டோபரில் முகம் மாறி வந்தபோது இரண்டிலும் டீசல் மட்டும்தான், அதில்தான் பேடிலைக் கொடுத்தார்கள். செல்டோஸ் டீசல் ஆட்டோமேட்டிக்கிலும் மேல் வேரியன்ட்டில் உண்டு. எக்ஸ்யூவி700, ஸ்கார்ப்பியோ-என் இரண்டிலும் கிடையாது, கியர் லீவரைத் தள்ளித்தான் மாற்ற வேண்டும். எதை எடுத்தாலும் வேரியன்ட்டைப் பார்த்து எடுங்கள், ஒரே வண்டியில் கீழ் வேரியன்ட்டுக்கு இருக்காது.

டீசல் தாத்தா:
கிடைக்கிறது, சரி. யார் தொடுகிறார்கள்? ஹாரியரை எடுத்துக்கொள்ளுங்கள், 350 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது இழுவிசையும், எஞ்சின் நிமிடத்துக்கு 1,750லிருந்து 2,500 சுற்று (ஆர்பிஎம்) சுற்றுவதற்குள் முழுசாக வந்துவிடுகிறது, 170 குதிரைசக்தியும் 3,750இல் முடிந்துபோகிறது. அதுக்கு மேல் கியரைப் பிடித்து வைத்துக்கொண்டு இழுத்தால் சத்தம்தான் வரும், வேகம் வராது. பெட்ரோல் டர்போ 6,000 வரை போகும், அங்கே கையால் மாற்றுவதில் ஒரு சுகம் இருக்கலாம். டீசலில் லாரியை முந்த வேண்டுமா, ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள், கியர்பாக்ஸே இரண்டு கியர் கீழே இறங்கிப் போய்விடும். வாங்கின புதிதில் எல்லோரும் டக் டக்கென்று தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் இண்டிகேட்டர் போடும்போது விரல் பட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

மலைவண்டி:
தாத்தா எப்போதும் ஏறுவதையும் முந்துவதையும் பற்றியே பேசுகிறார். கேட்டவர் வால்பாறைக்காரர், அவருக்குப் பிரச்சினை இறக்கம். ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவு. டி-யில், அதாவது கியரைத் தானாக மாற்றும் டிரைவ் நிலையில், போட்டு இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பல ஆட்டோமேட்டிக் என்ன செய்யும்? சமதளம் என்று நினைத்துக்கொண்டு மூன்று, நான்கு என்று மேலே மாற்றிக்கொண்டே போகும், வண்டி வேகமெடுக்கும், நீங்கள் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவீர்கள். பாதி மலையில் கருகிய வாடை வந்து, பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனால் அப்புறம் ஓரங்கட்டி நிற்க வேண்டியதுதான். கியரை இறக்குகிற இடது பேடிலை இரண்டு தட்டுத் தட்டி இரண்டாவது கியரில் வையுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மலைப்பாதை போர்டில் எல்லாம் இரண்டாவது கியரில் செல்லவும் என்று எழுதி வைத்திருப்பது ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் சேர்த்துத்தான்.

டீசல் தாத்தா:
டீசல் எஞ்சின் அப்படி ஒன்றும் பிடித்துக் கிழிக்காது தம்பி. பெட்ரோலில் காலை எடுத்தால் காற்று போகும் வழியில் இருக்கிற த்ராட்டில் மூடிக்கொள்ளும், எஞ்சின் காற்றுக்குத் திணறும், அதனால்தான் வண்டி பின்னுக்கு இழுபடும். டீசலில் காற்று தாராளமாக உள்ளே போகிறது. அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் தனியாக, புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்களே, எதுக்காம்? தவிர இரண்டாவது கியரை லீவரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

மலைவண்டி:
அதனால்தானே கியரை இன்னும் இறக்கச் சொல்கிறேன்! நான்காவதில் பிடிப்பு போதாது, இரண்டாவதில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அந்தக் குறைந்த பிடிப்பே சக்கரத்தில் பெருகி வரும். டீசலும் அப்போது ஊற்றாது. லீவர் என்றால் வளைவுக்கு முன்னால் ஒரு கையை எடுக்க வேண்டும், எதிரில் பஸ் வருகிற நேரத்தில் எனக்கு இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வேண்டும். இப்போது சில வண்டிகளில் லீவரே சுருங்கி ஒரு குமிழாகிவிட்டது, அதில் கியரை ஏற்றி இறக்குகிற கூட்டல் கழித்தல் குறியே இல்லை, பேடிலை விட்டால் வேறு வழி கிடையாது.

டர்போ மச்சான்:
ஒன்று மட்டும். நம் வண்டிகளில் பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். கொண்டை ஊசியில் முழுசாக ஒடித்திருக்கும்போது இடது பேடில் வலப்பக்கம் வந்து நிற்கும், அந்த நேரத்தில் தேடினால் கியரை ஏற்றுகிற வலது பேடில்தான் விரலில் படும், மேல் கியர்தான் விழும். வளைவுக்கு முன்பே இறக்கிவிட வேண்டும்.

புதுசாரதி:
தப்பாக இறக்கிவிட்டால் கியர்பாக்ஸ் போய்விடாதா அண்ணே?

மலைவண்டி:
போகாது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும் என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் கேட்காது, கியர் மாறவே மாறாது. கவனிக்க வேண்டியது வேறு. டி-யிலேயே வைத்துக்கொண்டு பேடிலைத் தட்டினால் சில வண்டிகள் கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். இறக்கம் முழுக்கப் பிடித்திருக்க வேண்டும் என்றால் மேனுவல் மோடுக்குப் போய்விடுங்கள், மீட்டரில் கியர் எண்ணுக்குப் பக்கத்தில் எம் வந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொங்குக்காரன்:
டெஸ்ட் டிரைவை ஆழியாறு வரைக்கும் தர மாட்டோம் என்கிறார்கள், ஊருக்குள் ஒரு சுற்றுதானாம்.

டீசல் தாத்தா:
ஏதாவது மேம்பால இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு லீவரில் ஒருமுறை, பேடிலில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். லீவரே கைக்குச் சரியாக வந்தால் கீழ் வேரியன்ட்டை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

மலைவண்டி:
டயரும் போடட்டும். பேடில் இல்லாத வேரியன்ட்டில் அப்புறம் அதைக் கம்பெனியில் மாட்டித் தர மாட்டார்கள், டயர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.