பாதியில் நின்ற ஆர்டரை ரத்து செய்யலாமா?

கேள்வி: எங்கள் தானியங்கிக் கிடங்கில், 5 பொருள்கள் கொண்ட ஆர்டரில் 3 எடுத்த பிறகு ஷட்டில் (அலமாரியிலிருந்து பொருளை எடுத்துவரும் தானியங்கி வண்டி) நின்றுவிட்டால், அந்த ஆர்டருக்கான பெட்டி கன்வேயரிலேயே சுற்றிச் சுற்றி வந்து மற்றப் பெட்டிகளின் வழியையும் அடைக்கிறது. ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது சரியா?

பதில் 1: வேண்டாம். ரத்து செய்தால், கணக்கில் 3 பொருள்களும் அலமாரிக்குத் திரும்பிவிடக்கூடும்; உண்மையில் அவை பெட்டியிலேயே கிடக்கும். ஸ்கேன் ஆன ஒவ்வொரு பொருளையும் பெட்டி எண்ணோடு உடனுக்குடன் பதிந்து, ஆர்டரை நிறுத்திவைத்து, பெட்டியைத் தனித் தடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

பதில் 2: அப்படி நிறுத்திவைப்பதற்குக் காலக்கெடுவும் வேண்டும். லாரி புறப்படுவதற்குள் ஷட்டில் சரியாகாவிட்டால், மீதியை வேறு இடைவழியின் (அலமாரி வரிசைகளுக்கு நடுவே ஷட்டில் ஓடும் பாதை) இருப்பிலிருந்து எடுக்கலாம். ஒரு பொருளை ஒரே இடைவழியில் குவித்து வைத்திருந்தால் அதற்கும் வழியில்லை.

கேட்டவர்: நன்றி ஐயா. ஷட்டில் மீண்டும் இயங்கும்போது பழைய கட்டளையை மறுபடி அனுப்பினால், ஒரே பொருள் இருமுறை வந்துவிடாதா?

பதில் 1: கட்டளை ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, முடிந்த எண்ணை மென்பொருள் மீண்டும் ஏற்காதபடி அமைத்தால் வராது.