சென்னை வெயிலில் வீட்டு ஒயின்: உங்களால் மறக்க முடியாத அனுபவம் எது?

அண்ணா நகர்வாசி

கிட் என்றால் வீட்டிலேயே ஒயின் போடுவதற்கான கெட்டிச் சாறும் ஈஸ்ட்டும் அடங்கிய பெட்டி. லண்டனிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த சின்னப் பெட்டி, 4.5 லிட்டர் குடுவைக்கானது. கெட்டிச் சாற்றைக் கரைத்து, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டைத் தூவிய மறுநாளே, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத தண்ணீர்க் குழாயான ஏர்லாக்கில் குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. வீடு முழுக்கப் பழ வாசனை. அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அது.

ஒரு நாள் ராத்திரி மின்சாரம் போய், ஏசி நின்று, எல்லோரும் மொட்டை மாடிக்குப் படுக்கப் போய்விட்டோம். விடியற்காலை இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏர்லாக்கில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. குடுவையில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டை 36ஐக் காட்டியது. கையேட்டில் 20 முதல் 25 டிகிரி என்று போட்டிருக்கிறது. இந்த ஊரில் மார்கழி விடியலில்தான் அதைப் பார்க்கலாம். கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. முந்தின நாள்வரை உயிரோடு இருந்தது செத்துவிட்டதா, வேலை முடிந்து ஓய்ந்துவிட்டதா? அதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பெரம்பூர்ப் பேத்தி

நாங்கள் கிட் எதையும் பார்த்ததில்லை. பெரம்பூரில் எங்களைப் போன்ற ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் ஒயின் பீங்கான் ஜாடியில்தான் தயாராகும். கோயம்பேட்டில் பன்னீர் திராட்சை வாங்கிக் கையால் பிசைந்து, சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட் எல்லாம் சேர்த்து, ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவிடுவார் பாட்டி. இருபத்தொரு நாள் கணக்கு. தினமும் மரக் கரண்டியால் கிளற வேண்டும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். தெருவில் மரங்கள் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சமையலறை ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போனபோது ஓடிப்போய்ப் பார்த்தால், பாட்டி தரையில் உட்கார்ந்து ஜாடியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருக்கிறார். காற்று அடங்கியதும் துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். "இப்போதே வடிகட்டிவிடலாம்" என்றார். கணக்குப்படி இன்னும் நாள் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மல் துணியில் வடிகட்டினோம். அந்த வருடத்து ஒயின் மாதிரி பிறகு எந்த வருடமும் அமையவில்லை. அந்த நொடியில் அவருக்கு என்ன தெரிந்தது என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "வாசனையே சொல்லிவிட்டது" என்பார். அவ்வளவுதான். இப்போது பாட்டி இல்லை.

அண்ணா நகர்வாசிக்கு: சத்தம் நின்றுவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது. வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி மூடிவிடுங்கள்.

வேளச்சேரி வேதியியல் ஆசிரியர்

அம்மா, மன்னிக்க வேண்டும். உங்கள் பாட்டியின் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கடைசியில் சொன்ன யோசனை ஆபத்தானது.

என் அனுபவம் சின்னது. ஒரு கோடையில் இதேபோல் குமிழி நின்றது. திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன்: 1.030. தண்ணீருக்கு 1.000; சர்க்கரை கூடினால் எண்ணும் கூடும். நாக்கில் வைத்தால் பாகு மாதிரி இனிப்பு. நின்றுபோயிருந்ததே தவிர முடிந்திருக்கவில்லை.

தம்பி அண்ணா நகர்வாசி, ஏர்லாக்கை நம்பாதீர்கள். அது வாயு வெளியேறுகிறதா என்பதை மட்டுமே காட்டும். ரப்பர் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே குமிழி வராது. ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. சாறு தொடக்கத்தில் 1.085 அளவில் இருக்கும். சர்க்கரை முழுதும் தீர்ந்த ஒயின் 0.995 அளவுக்கு இறங்கும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்துத் தீர்ந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் என்பது பொதுவான கணக்கு. சில நாள் இடைவெளியில் பார்த்தாலும் எண் அசையாமல், 1.000க்குக் கீழே இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்தது வெப்பம். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும், ஆகவே குடுவைக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். 35ஐத் தாண்டினால் பெரும்பாலான ஒயின் ஈஸ்ட் தடுமாறத் தொடங்கும். அதிலும் ஆல்கஹால் ஏறிய பிறகு வருகிற வெப்பத்தை அதனால் தாங்கவே முடியாது. அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விட்டு, குடுவையை அதில் நிறுத்தி, ஈரத் துணியைச் சுற்றி, மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். துணியின் முனை தண்ணீரிலேயே கிடக்கட்டும். உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்களைக் காலையும் மாலையும் டப்பில் மாற்றிப் போடுங்கள். புது ஈஸ்ட் சேர்ப்பதானால் அப்படியே தூவாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நுரை வந்ததும் அந்த ஒயினிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பழக்கி, பிறகு குடுவையில் ஊற்றுங்கள். பழக்காமல் ஊற்றினால் ஏற்கெனவே இருக்கும் ஆல்கஹால் அதைக் கொன்றுவிடும். எண் இறங்காதவரை எதையும் இறுக்கி மூடாதீர்கள்.

முகப்பேர் அம்மா

ஆசிரியர் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் வீட்டில் யாரும் ஒயின் போட்டதில்லை. என் கணவரின் அலுவலக நண்பர் கிட்டில் செய்து ஒரு பாட்டில் கொடுத்தார். குமிழி நின்று நாளாகிவிட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார். பரணில் வைத்தோம்.

மே மாத மதியம். வெடிச் சத்தம். சமையலறைக்கு ஓடினால் சுவரெல்லாம் சிவப்பு. கண்ணாடித் துண்டு ஒன்று எவர்சில்வர் அரிசித் தூக்கின் மூடியில் கோடு கிழித்துவிட்டு உள்ளே கிடந்தது. தூக்கில் இருந்த அரிசி அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் என் மகள் அதே இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். இன்றைக்கும் பரணைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பாட்டிலுக்குள் மீதமிருந்த சர்க்கரை மறுபடி நொதித்து, வாயு வெளியேற வழியில்லாமல் போனதுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். பெரம்பூர் அக்கா, தயவுசெய்து யாருக்கும் "மூடிவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள்.

பெரம்பூர்ப் பேத்தி

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டி வடிகட்டியதும் தக்கையை இறுக்கியதே இல்லை. இரண்டாவது முறை தெளிய வைத்து, அடியில் படிந்த வண்டலை விட்டு மேலோடு இறுத்த பிறகுதான் மூடுவார். ஜாடியில் ஏர்லாக் கிடையாது, துணிதான். வாயு தானாகப் போய்விடும். எங்கள் முறைக்கும் கிட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அதைச் சேர்த்துப் படியுங்கள்.

வேளச்சேரி வேதியியல் ஆசிரியர்

துணி வாயுவை விடும், சரி. காற்றையும் உள்ளே விடுமே. நொதித்துப் பொங்குகிற காலத்தில் கரியமில வாயுவே மேலே காவல் நிற்கும். பொங்கல் அடங்கிய பிறகும் துணியோடு விட்டால் பழ ஈ நுழையும், ஆல்கஹாலைக் காடியாக்கும் அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா நுழையும், ஒயின் காடியாகிவிடும். உங்கள் பாட்டி நாள் கணக்கைப் பார்க்காமல் அன்றே வடிகட்டினார் அல்லவா? அந்தப் புளிப்பின் முதல் வாசனையை அவர் மூக்கு பிடித்திருக்கும் என்பதே என் ஊகம்.

பெரம்பூர்ப் பேத்தி

இருக்கலாம் சார். இத்தனை வருடத்தில் இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தாம்பரம் தம்பி

என் கதை வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிச் சாவுகள் செய்தியில் ஓடிக்கொண்டிருந்த வாரம். என் அறை நண்பன் ஊரிலிருந்து கொண்டுவந்த கிட் மேசைமேல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வாடகை வாங்க மேலே வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இதைக் குடித்து நீங்கள் செத்துப்போனால் உங்கள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். குரல் நடுங்கியது. அவர் கோபப்பட்டிருந்தால் வாதாடியிருப்பேன். நண்பன் அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இதில் உண்மையிலேயே விஷம் ஏற வாய்ப்பு உண்டா?

வேளச்சேரி வேதியியல் ஆசிரியர்

கள்ளக்குறிச்சியில் உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். திராட்சையை நொதிக்க வைக்கும்போது பழத்தில் இயல்பாக உள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து மிகச் சிறிதளவு மெத்தனால் உண்டாகும். அந்த அளவு ஆளைக் கொல்லாது. ஆனால் வீட்டுக்காரர் பயந்ததில் தவறே இல்லை, சட்டமும் அவர் பக்கம்தான். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை என்பதால் அங்கே கடையில் கிட் விற்கிறார்கள். அது விமானம் ஏறி வந்துவிட்டால் இங்கே சட்டம் மாறிவிடாது. அண்ணா நகர்வாசியும் இதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். முதலிலேயே இதை எழுதியிருக்கலாம்தான்; அவருடைய ஈஸ்ட் கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அண்ணா நகர்வாசி

எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு ஹைட்ரோமீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். 1.042. பாதி வழியில்தான் நின்றிருக்கிறது, என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சட்ட விஷயம் எனக்கும் மைத்துனருக்கும் தெரியாது. வீட்டில் பேசி, குடுவையைக் காலி செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம்.

தாம்பரம் தம்பி

பெரம்பூர் அக்கா, உங்கள் வீடுகளில் இஞ்சி ஒயின் என்று ஒன்று உண்டாமே, அதில் போதை இல்லை என்கிறார்களே? வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில் கொடுக்க ஆசை.

பெரம்பூர்ப் பேத்தி

அதில் ஈஸ்ட்டே கிடையாது தம்பி, தாராளமாகக் கொடுக்கலாம். இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, பட்டை, கிராம்பு, இரண்டு மூன்று காய்ந்த மிளகாய் போட்டு, தண்ணீர் நன்றாக நிறம் மாறும்வரை கொதிக்க விடுங்கள். வடிகட்டிச் சர்க்கரை சேர்த்து மறுபடி ஒரு கொதி. தனியாகக் கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினால்தான் அந்தச் செம்பழுப்பு நிறம் வரும். கருக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தெறிக்கும். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், சூட்டில் பிழிந்தால் கசந்துவிடும். ஃபிரிஜ்ஜில் வைத்து, குடிக்கும்போது தண்ணீர் கலந்து கொடுங்கள்.